தூபக்கால் அவர் கையில்தான் இருந்தது

1

சென்ற ஆண்டு நம் பழைய மாணவியர் மலரில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். சைகோனில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் சர்வமதக் கூட்டத்தைப் பற்றிய கட்டுரை அது. சாம்பிராணிப் புகையால் தீ எச்சரிக்கை மணி அடித்து, இருபத்திரண்டு மாடி ஆட்களும் தெருவுக்கு ஓடிவந்ததை அதில் வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். "தூபக்காலும் கையுமாக அசடு வழிய நின்ற பாயை நினைத்து நினைத்துச் சிரித்தோம்" என்று வகுப்புத் தோழி வசந்தா எழுதியிருந்தாள். மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் அந்தக் கூட்டத்தைப் பற்றியே எழுதக் கேட்கிறார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு பொய் இருக்கிறது. சாம்பிராணியைக் கொளுத்தியவர் அந்தப் பெரியவர் இல்லை. நான்.

இதைச் சொல்ல எனக்கு ஓராண்டு ஆகியிருக்கிறது. சென்ற சனிக்கிழமை எங்கள் கட்டடத்தில் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. மணி அடித்ததும் எல்லோரும் படியில் இறங்க வேண்டும். எங்கள் ஒன்பதாம் மாடிப் படிக்கு வந்தேன். எனக்கு முன்னால் பன்னிரண்டாம் மாடித் திருமதி லான் இறங்கிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் கைப்பிடி இருந்தும், உடம்பைத் திருப்பி இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். அவருடைய வலது மணிக்கட்டு சென்ற ஆண்டு இதே படியில் ஒடிந்தது. என் புகையால் ஒடிந்தது. ஒன்பது மாடிகளும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

2

கூட்டத்தைத் தொடங்கியவர் ஐந்தாம் மாடி ஹுவா அக்கா. புத்த மதத்தவர். ஆனாலும் நகரின் நடுவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு என்னைவிட அதிகம் போகிறவர். அங்கே வியட்நாமியர்கள் கோயில் சுவரில் முகத்தை வைத்து வேண்டுதலை முணுமுணுப்பார்கள். "நீ ஏன் சுவரில் பேசுவதில்லை? உங்கள் அம்மனுக்கு அந்தப் பக்கம்தான் காது கேட்கும்" என்று என்னிடமே சொல்வார். ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறோம், அடுத்தவர் வீட்டில் எதைக் கும்பிடுகிறார்கள் என்று தெரியவில்லையே என்பதுதான் அவர் குறை. அதற்காகத் தரைத்தளப் பொது அறையில் மாதம் ஒரு ஞாயிறு. அவரவர் மதத்தை விளக்கலாம், அதற்கு அழைக்கக் கூடாது. எல்லோரும் உண்ணும்படி மரக்கறிச் சாப்பாடு. இரண்டே விதிகள்.

அந்தப் பெரியவரை, ஹமீது நானாவை, அங்கே கூட்டிவந்தவள் நான். அவர் வீட்டுப் பேச்சில் நானா என்றால் அண்ணன். ஒரு துணிக்கடை வாசலில், நானும் மகள் அபியும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "ஏம் புள்ள, நடுத்தெருவுலயா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினால் வியட்நாமிய முகத்தோடு ஒரு பெரியவர். தந்தை காரைக்கால் துணி வணிகர். தாய் இந்த ஊர்ப் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், போர் முடிந்து ஆட்சி மாறியபோது, தந்தை பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு மூத்த மகன்களைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். தாய் வர மறுத்ததால் இவர் அவரோடு தங்கிவிட்டார். நாலாம் வட்டாரத்துச் சந்து ஒன்றில் வீடு. தமிழ் பேச ஆளில்லை.

"மாசத்துக்கு ஒரு தடவயாவது பேசுனாத்தான் நாக்கு துரு புடிக்காது தங்கச்சி" என்பார். அறைக்குள் நுழையும்போதே பிரெஞ்சு வணக்கத்தோடு "பொன்ழூர்! இன்னக்கி என்னா போடப் போறிய, சாம்பாரா? ஒங்க சாமி கண்ணத் தொறக்குதோ இல்லயோ, சாம்பார் மூக்கத் தொறந்துடுது" என்று ஒரு சத்தம். அபி அவரைத் தாத்தா என்பதற்கான வியட்நாமியச் சொல்லால் 'ஓங்' என்று கூப்பிடுவாள். இருவரும் வியட்நாமியத்தில் என்னைப் பற்றித்தான் கேலி பேசுகிறார்கள் என்று பாதி தெரியும், பாதி தெரியாததுபோல் இருப்பேன்.

தெரியாததுபோல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. இங்கே வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில், சந்தையில், காவலரிடம், எங்கும் ஒரு புன்னகையும் 'புரியவில்லை' என்ற முகமும் போதும். பக்கத்தில் அபி இருப்பாள். ஆறு வயதிலிருந்து எனக்காக அவள்தான் பேசியிருக்கிறாள்.

3

அந்த மாதம் என் முறை. நறுமணப் புகையைப் பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். மன்னார்குடிக் கடைத்தெருவில் வியாழக்கிழமை மாலையானால் சாம்பிராணி பாய் வருவார். ஒரு கையில் தூபத்தட்டு, இன்னொரு கையில் மயிலிறகு விசிறி. நகைக்கடை, பாத்திரக்கடை, எங்கள் அப்பாவின் மருந்துக்கடை, எல்லாவற்றுக்குள்ளும் புகையைத் தள்ளிவிட்டுப் போவார். பிள்ளையார் படத்துக்கும் காட்டுவார். அப்பா எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புகையை முகத்தில் வாங்கிக்கொள்வார். இதைத்தான் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் தவறினேன்.

பொது அறைக்கு ஒரு படிவம் உண்டு. பொறுப்பாளர் பெயர், கடவுச்சீட்டு எண், எத்தனை பேர், நெருப்பு பயன்படுத்தப்படுமா. கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தேன். எழுதும்போது பொய்யில்லை. நானா அவருடைய தாய் வைத்திருந்த பித்தளைத் தூபக்காலைக் கொண்டுவருவார், கட்டிச் சாம்பிராணியை எல்லோரும் முகர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான் திட்டம்.

ஆனால் பேச்சு நன்றாகப் போனது. அபி மொழிபெயர்க்க, முப்பது பேர் கண் கொட்டாமல் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலே போய், ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய்ச் சிரட்டைக் கரியை அடுப்பில் சிவக்க வைத்து, இரும்புச் சட்டியில் போட்டு, தட்டால் மூடி, மின்தூக்கியிலேயே கொண்டுவந்தேன்.

நானா அண்ணாந்து பார்த்தார். "இங்கயேவா தங்கச்சி? மேல என்னமோ சிவப்பா மினுங்குது பாருங்க. வாசப்பக்கம் போயிடுவமே."

"ஒரு நிமிஷம்தான் நானா. ஜன்னல் தொறந்துதான் இருக்கு."

கரியைத் தூபக்காலில் போட்டு, மேலே சாம்பிராணிக் கட்டியைப் பொடித்து இரண்டு கரண்டி தூவினேன். புகை எழுந்தது. அதைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். "நீங்கதான் எடுத்துட்டு சுத்தி வரணும். எங்க ஊர்ல பாய்தான் கொண்டு வருவாரு."

"அப்ப மயிலெறகு எங்க?" என்றார். ஒரு பனையோலை விசிறியைக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சுற்றத் தொடங்கினார். ஹுவா அக்கா புகையை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். இரண்டாவது வரிசையைத் தாண்டுவதற்குள் மணி அடித்தது.

அது வீட்டு மணியைப்போல் இருக்காது. பல்லுக்குள் இறங்கும் சத்தம். மின்தூக்கிகள் தாமாக நின்றுவிட, இருபத்திரண்டு மாடிப் படிகளிலும் ஆட்கள் இறங்கினார்கள். ஈரத் தலையோடு பெண்கள், பூனையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள். அடுக்குமாடித் தீ என்றால் இந்த ஊரில் எவரும் அலட்சியமாக இருப்பதில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களும் தெருவுக்கு ஓடிவிட, அறையில் நாங்கள் மூவர்தான் மிஞ்சினோம். நானா தேநீர்க் கெண்டியைக் கவிழ்த்துக் கரியை அணைத்தார். அணைத்த தூபக்கால் அவர் கையிலேயே இருந்தது.

அப்போதுதான் கட்டட மேலாளர் தாங் ஓடிவந்தார். எங்களையும் அந்தக் கையையும் பார்த்து இரண்டே சொல்லில் கேட்டார்: "ஐ தோத்?"

யார் கொளுத்தியது? இந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். ஏழாம் மாதத்தில் மூதாதையருக்காகக் காகிதம் கொளுத்தக் கூடாது என்று மின்தூக்கியில் ஆண்டுதோறும் ஒட்டும் அறிவிப்பில் 'தோத்' என்ற சொல் சிவப்பில் இருக்கும். 'ஐ' முதல் பாடத்தில் வந்துவிடும். அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

புன்னகை செய்தேன். புரியாத முகத்தைப் போட்டுக்கொண்டேன்.

"அம்மா, யாரு கொளுத்துனதுன்னு கேக்குறாரு" என்றாள் அபி.

"இரு, சொல்றேன்."

"சொல்லு."

கணவரின் பணி அனுமதி அந்த மாதம்தான் புதுப்பிப்பில் இருந்தது. வீடு அவருடைய நிறுவனத்தின் பெயரில். ஒப்பந்தத்தில் நெருப்பைப் பற்றி ஒரு பக்கமே உண்டு. படிவத்தில் என் கையெழுத்து. அபிக்கு இன்னும் இரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு. இவ்வளவும் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின. நானா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் மேலாளரிடம் திரும்பி வியட்நாமியத்தில் சொன்னார். "நான்தான். கிழவன், மூளை மழுங்கிவிட்டது." அருகிலிருந்த காவலாளிகள் சிரித்தார்கள்.

அபி "கொங்" என்றாள். இல்லை என்று பொருள். அவள் அடுத்த சொல்லைச் சொல்லுமுன் அவள் மணிக்கட்டைப் பற்றி அழுத்தினேன். என் நகம் பதிந்த இடம் மாலைவரை சிவந்திருந்தது. அதே நேரத்தில் இரண்டு காவலாளிகள் திருமதி லானை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். அவர் வலது கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

4

அலுவலக அறையில் நானா ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார். "எழுதிக் குடுக்குறது நமக்கு என்னா புதுசா? எழுவத்தஞ்சுக்கப்புறம் வாப்பா எங்க, நானாமாரு எங்க, கடைச்சரக்கு எங்கன்னு நான் எழுதாத காயிதமா?" என்று என்னிடம் சிரித்தார்.

மேலாளர் என்னைப் பார்த்து, தூபக்கால் இவர் கையில்தான் இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார். திடீரென்று எனக்கு வியட்நாமியம் புரிந்தது. தலையசைத்தேன். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்திட்டேன். தூபக்கால் அவர் கையில்தான் இருந்தது. அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

வாசலில் நானா கேட்டார்: "அடுத்த மாசம் சாம்பார் உண்டுல்ல?"

மூன்றாம் நாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த விருந்தினர் இனி இந்தக் கட்டடத்துக்குள் வர அனுமதியில்லை, தெரிவித்துவிடவும். நேரில் போய்ச் சொல்லக் கால் வரவில்லை. கடிதத்தைப் படம் எடுத்து, கைகூப்பும் சின்னம் ஒன்றைச் சேர்த்து, கைபேசியில் அனுப்பினேன். கணவர் "விடு, வயசானவரு, அவருக்கு என்ன ஆயிடப் போகுது" என்றார். பணி அனுமதி புதுப்பித்தாயிற்று.

கூட்டம் நிற்கவில்லை. நானா எங்கே என்று ஹுவா அக்கா கேட்டபோது கால் வலியாம் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தீர்கள். வேடிக்கையாக எழுதினால் மனம் லேசாகும் என்று நினைத்தேன். அவரை 'அசடு வழிய' நிற்க வைத்தேன். அவர் அப்படி நிற்கவே இல்லை. அந்த அறையில் நேராக நின்றவர் அவர் ஒருவர்தான்.

5

அபி சண்டை போடவில்லை. மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள்.

முதலில் தெரிந்தது மருந்துக்கடையில். வயிற்று எரிச்சலுக்கு மருந்து வாங்கப் போயிருந்தோம். "சொல்லும்மா" என்றேன்.

"உனக்குத் தெரியும்ல. நீயே சொல்லு."

"எனக்கு எங்கடி தெரியும்?"

"தெரியும்" என்றாள், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கடைக்காரப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். வயிற்றைத் தொட்டு, நெருப்பு என்று சொல்லி, மருந்து வாங்கினேன்.

அதன் பிறகு மின்சாரக் கட்டணம், எரிவாயு உருளை, பள்ளி ஆசிரியர் சந்திப்பு, எல்லாவற்றுக்கும் நானேதான். அவள் பக்கத்தில் நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். அதற்கு முன் பத்து ஆண்டுகளில் வராத மொழி அந்த ஓராண்டில் எனக்கு வந்தது.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவள் பசி மயக்கத்தில் கேட்டாள்: "சோறு ஆக்கிட்டியளா?"

நம் பக்கத்து வீடுகளில் நாம் கேட்டு வளர்ந்த பேச்சுதான். ஆனால் இவள் சைகோனில் வளர்ந்தவள். இது காரைக்கால் பேச்சு. யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் நூலகம் என்று சொல்லிவிட்டு எங்கே போகிறாள் என்பது எனக்கு அந்த நொடியில் விளங்கியது.

பிறகு அவள் மேசையில் உங்கள் மலரைப் பார்த்தேன். தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாடு உங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு பத்தி தாண்ட மாட்டாள். என் கட்டுரையை அவள் முழுதாக வாசித்திருந்தாள். வரிக்கு வரி பென்சில் புள்ளி. 'அசடு' என்ற சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில் அதன் பொருளைச் சின்ன எழுத்தில் வியட்நாமியத்தில் குறித்திருந்தாள். அவள் தமிழில் கடைசிவரை படித்த முதல் கட்டுரை அது.

6

பயிற்சி முடிந்த திங்களன்று மேலாளர் தாங்கின் அறைக்குப் போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து என் கையால் வியட்நாமியத்தில் எழுதிய ஒரு பக்கத்தை நீட்டினேன். அவர் படித்தார். திருப்பியும் படித்தார்.

"இது போன வருடக் கோப்பு. மூடியாயிற்று. இப்போது எதற்கு?"

"நான் கொளுத்தினேன். அவர் இல்லை."

"ஒத்துக்கொண்டவரே அவர். நீங்கள் சாட்சி."

"சாட்சி பொய்."

அவர் பெருமூச்சு விட்டார். "புகார் கொடுக்கப் படிவம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் படிவம் இருக்கிறது. இதற்குப் படிவம் இல்லை." கடைசியில் என் தாளில் மூன்று இடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தி, பெற்றுக்கொண்டதாக எழுதி, படி ஒன்று கொடுத்தார். வாசல் காவலாளியின் பட்டியலிலிருந்து நானாவின் பெயரை அடித்தார். எச்சரிக்கைக் கடிதம் என் கணவரின் நிறுவனத்துக்குப் போகும் என்றார். போயிருக்கிறது. வீட்டில் அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

மறுநாள் அந்தத் தாளோடு நாலாம் வட்டாரத்துச் சந்துக்குப் போனேன். நானா வாசலில் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"பொன்ழூர்" என்றார். "வழி தெரிஞ்சிச்சா?"

தாளை நீட்டினேன். எட்ட வைத்துப் படித்தார். "நல்லா எழுதியிருக்கிய. பிழை கம்மி."

"நானா, நான் செஞ்சது…"

"சும்மா கெட புள்ள. செஞ்சத எனக்கே சொல்லப் போறியளா? நாந்தான பக்கத்துல நின்னேன்." திருகாணி ஒன்றை நிதானமாகக் கழற்றினார். "நீங்க அன்னக்கி மேல பாக்கல, கீழயே பாத்திய. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா போச்சு. மத்தது காயிதம்."

அவர் நீட்டிய திருகாணியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"மறுநாளே அந்தம்மா வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். பன்னெண்டாவது மாடி. கதவத் தொறந்து, என்னயப் பாத்து, சாத்திடுச்சு. நல்ல பொம்பள. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் மோட்டார் சைக்கிள்ல சந்தைக்குப் போனதாம். இப்ப கைப்பிடிய முறுக்க முடியாம வித்துட்டுதாம்." தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "இத ஏன் என்கிட்டக் கொண்டாந்திய? எனக்குத்தான் தெரியுமே."

"அடுத்த மாசக் கூட்டத்துக்கு வருவீங்களா?"

"பாப்பம்" என்றார். "தமிழுக்கு இப்ப எனக்குக் கொறவில்ல. ஒங்க பொண்ணு வர்றா."

7

வெள்ளிக்கிழமை மாலை பன்னிரண்டாம் மாடிக்குப் போகிறேன் என்று அபியிடம் சொன்னேன். கூட வா என்று கேட்கவில்லை. மின்தூக்கிக் கதவு மூடும் நேரத்தில் உள்ளே வந்து நின்றாள்.

இந்த ஊரில் 'நான்' என்பதற்கு ஒரே சொல் கிடையாது. எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து நாம் யார் என்பது மாறும். வயதில் பெரியவரிடம் தன்னைக் 'கோன்' என்று சொல்ல வேண்டும். பிள்ளை என்று பொருள். நாற்பத்தேழு வயதில், அதுவும் அபியின் முன்னால், அந்தச் சொல் இதுவரை என் வாயில் வந்ததில்லை.

திருமதி லான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்து, வழக்கம்போல், என்ன வேண்டும் என்று அபியிடம் கேட்டார். அபி பேசாமல் நின்றாள்.

"கோன் தோத்" என்றேன். பிள்ளைதான் கொளுத்தினேன்.

அவருக்கு விளங்கவில்லை. மீண்டும் அபியைப் பார்த்தார். நான் தொடர்ந்தேன். போன வருடம், கீழே, புகை. அந்தப் பெரியவர் இல்லை, நான். அவர் எனக்காகச் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். உங்கள் கை. உடைந்த சொற்களாகத்தான் வந்தன. ஆனால் எல்லாம் வந்தன. தாளை நீட்டினேன். அவர் இடக்கையால் வாங்கினார், படிக்கவில்லை.

கையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குப் பேசத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போதிருந்து?"

அபி என் பக்கம் திரும்பினாள். இந்தக் கேள்வியையும் அவள் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

"அன்றைக்கே தெரியும்" என்றேன்.